மேல்கணக்கு நிரோஷாவும் என் நெருப்புக் காய்ச்சலும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்மாரே, உங்களில் யாராவது பெற்றோர் கூட்டத்தில் நன்றாகப் பேசுவேன் என்ற நினைப்பில் இருந்தால், இதை முதலில் படித்துவிடுங்கள். நானும் அந்த நினைப்பில் இருந்தவள்தான். தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கடைசி ஒன்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்குப் பொறுப்பு. பாடத்திட்டம், நேரசூசி, பதிவேடு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் அதையெல்லாம் போனிலேயே முடித்துவிடுகிறீர்கள். நான் சொல்ல வந்தது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதை விட்டபோது எனக்குக் கைதட்டல் கிடைத்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் வரும் தோட்டங்களில் ஒன்றின் மேல் பிரிவுக்கு மேல்கணக்கு என்று பெயர். உச்சியில் வரிசை வீடுகளாக நாலு லயம், ஒரு கோயில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் ஒரு பிள்ளைக்காம்பரா, அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு பிள்ளைகூட அதுவரை உயர்தரப் பரீட்சை எழுதியதில்லை. அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையை எழுதிய கையோடு கொழும்பில் ஏதோ ஒரு கடை காத்திருக்கும். பொங்கலுக்குப் புதுச் சட்டையோடும் புதுப் போனோடும் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து அடுத்த வகுப்பும் பையைக் கட்டும்.

நிரோஷா மட்டும் கட்டவில்லை. அப்பா கொழும்பில் காவலாளி, அம்மா கொழுந்து பறிக்கிறவர், கீழே இரண்டு தம்பிகள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிடித்த பிடியை விடாதவள். விளங்காத பக்கத்தை விளங்கும் வரைக்கும் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் உயர்தரத்தின் கடைசி வருடமான பதின்மூன்றாம் தரத்துக்கு வந்தபோதுதான் பெற்றோர் கூட்டத்தில் நான் அந்தப் பேச்சைப் பேசினேன்.

“ஒரு பிள்ளை உயர்தரத்தை முடிக்க அம்மாவும் டீச்சரும் போதாது, முழுத் தோட்டமும் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்க வேண்டும்” என்றேன். மேசையை வேறு ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல கைதட்டல். இதையே நுவரெலியா டவுனில் பேசியிருந்தால் தட்டிவிட்டு, ஆளுக்கொரு பற்றிஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். தோட்டத்து ஆட்களிடம் அப்படிச் சொல்லக்கூடாது. கல்யாணமோ சாவோ வேலைநிறுத்தமோ, முழுத் தோட்டமும் எப்படி நிற்பது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், மாரிமுத்து விஷயத்தை அறிவித்துவிட்டார். அவர் அந்தத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். பெண்டாட்டி முதல் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவர் தலைவர்தான். நிரோஷாவின் பரீட்சைக்காகச் சோதனை கமிட்டி என்று ஒன்றை அமைத்தார். பதினோரு பேர். ஆறு மணிக்கு மேல் நாலு லயத்திலும் டிவி கிடையாது. நாய்களைக் கட்டிப்போட வேண்டும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி இல்லை. இந்தக் கடைசித் தீர்மானத்துக்குப் பூசாரி சம்மதித்தார் என்று கேட்டபோது நான் உண்மையிலேயே கண் கலங்கினேன். வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்தில் எழுந்து இதைப் பற்றிப் பேசினேன். மற்றப் பாடசாலைகளும் எங்களைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சொன்னதாகவும் நினைவு.

எனக்குத் தெரியாமல் போனது மீதிக் கதை. பிள்ளை படிக்கும்போது தூக்கம் வரக்கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிளேன்டீ வரும். எட்டு மணிக்குள் ஒன்பது கோப்பை. யாருடையதைக் குடித்தாள், யாருடையதை வைத்துவிட்டாள் என்பதில் இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. ஞாபக சக்திக்கு நல்லது என்று யாரோ சொல்லப்போக, காலையும் மாலையும் வல்லாரைச் சம்பல். அந்தப் பக்கத்து ஓடைக்கரையில் வல்லாரை என்ற இனமே அழிந்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கமிட்டியில் பெருமாள் கங்காணி என்று ஒருவர் இருந்தார். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்த்தே நாற்பது வருடத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப் பேர்தான். கங்காணிக்கு வேறு கணக்குத் தெரியாது. தினமும் மாலையில் நிரோஷாவின் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இருபது பக்கம் படித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மறுநாள் காலை பெரட்டில் வாசித்துக் காட்டுவார். அளவையியல் என்ற தர்க்கப் பாடப் புத்தகத்தில் ஒரே பக்கத்தோடு அவள் மூன்று நாள் மல்லுக்கட்டியபோது மூன்று நாளும் அரைப் பேர். தலைவர் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம்.

நாலாம் நாளிலிருந்து நிரோஷாவுக்குத் தொடர்ந்து முழுப் பேர். என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்தைப் படிக்காமல் புரட்டினாள். நாமும் மேற்பார்வைக்கு ஆள் வந்தால் அதைத்தானே செய்கிறோம்.

தவணைப் பரீட்சையில் அவளுடைய புள்ளிகள் சரிந்தன. நான் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன், இல்லை, பேசினேன். முழுத் தோட்டமும் உனக்காக நிற்கிறது, நீ இப்படிச் செய்யலாமா என்று கால்மணி நேரம் பேசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி டீச்சர் என்றாள். பிள்ளைகள் சரி டீச்சர் என்று சொல்லும்போது நாம் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த எங்கள் பாடசாலை அதிபர் ஒருவர், இப்போது இல்லை, என்னிடம் சொல்லியிருக்கிறார்: “நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கப் பழகினா நல்ல டீச்சரா வருவீங்க. ஆனா அதுக்கு ரொம்ப நாளாகும்.” அவர் போட்ட கணக்கில் பிழையே இல்லை, முப்பது வருடம் ஆயிற்று.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அனுமதி அட்டைகள் வந்துவிட்டன. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நிரோஷா இரண்டு நாளாகப் பாடசாலைக்கே வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து மேல்கணக்குக்குப் போனேன்.

ஓட்டோ கோயில் வளைவில் திரும்பும்போதே தலைவர் கைகாட்டி நிறுத்தினார். முகம் நிறையச் சந்தோஷம். பரீட்சை அன்று அவளை அழைத்துப்போக வேன் பேசியாயிற்றாம், இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவார்களாம், முன்னால் தப்பு மேளம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று காட்டுகிறேன் என்று கோயில் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். தலவாக்கலையில் அடித்துக் கொண்டுவந்த ஒரு பேனர். ஆறடி. நடுவில் நிரோஷாவின் படம். உயர்தரப் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடைந்து எமது தோட்டத்துக்குப் பெருமை சேர்த்த செல்வி நிரோஷாவை வாழ்த்துகிறோம் என்று சிவப்பில் எழுதியிருந்தது.

இன்னும் பரீட்சையே எழுதவில்லையே என்றேன். இரண்டு பேனர் ஒன்றாக அடித்தால் மலிவு, திருவிழாப் பேனரோடு சேர்த்து அடித்துவிட்டோம் என்றார். நிரோஷா இதைப் பார்த்தாளா என்று கேட்டேன். முதலில் அவளுக்குத்தான் காட்டினோம் என்றார் பெருமையாக. எப்போது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை. அவள் பாடசாலைக்கு வராதது திங்கட்கிழமையிலிருந்து.

அவள் வீட்டில் பை கட்டித் தயாராக இருந்தது. மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் சித்தியோடு கொழும்புக்குப் போகிறாள், ஒரு புடவைக் கடையில் வேலை பேசியாயிற்று. அம்மா மலையில் கொழுந்துக்குப் போயிருந்தார். லயத்தில் தனியாகப் பேசுவதென்றால் நடக்கிற காரியமா, அதற்குள் மூன்று பேர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அவளைப் பிள்ளைக்காம்பராவின் பின்பக்கப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியிலேயே என் வாயில் ஒரு பேச்சுத் தயாராகிவிட்டது. நல்ல பேச்சு. ஏனோ அதைத் தொடங்கவில்லை. பயம் காரணமாக இருக்கலாம். ஏழு மணி பஸ் போய்விட்டால் அந்தப் பிள்ளை திரும்ப வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அப்படிப் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பேசாமல் இருந்ததால் அவள் பேசினாள்.

“நா பாஸானா அது தோட்டத்தோட பாஸு டீச்சர். பெயிலானா மட்டும் அது என்னோட பெயிலு. ஒரு வருஷமா டிவி பாக்காம இருக்காங்க. சாமிக்கே பாட்டு இல்ல. பெயிலாயிட்டு எங்கம்மா எப்படிங்க பெரட்டுல போயி நிப்பாங்க?”

உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

“பெயிலானாலும் பரவாயில்லன்னு ஒருத்தராவது சொல்லணும். சும்மா வாய்க்குச் சொல்லக்கூடாது.”

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் உயர்தரத்தில் முதல் முறை பெயில். இரண்டு பாடம் போயிற்று. வெட்கத்தில், பரீட்சை நேரத்தில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட், வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். சொன்ன பொய்யைக் கல்யாணத்துக்குப் பிறகும் மாற்ற முடியவில்லை. தபால் கந்தோரில் வேலை செய்த என் கணவர் நெருப்புக் காய்ச்சல் திரும்ப வரலாம் என்ற பயத்தில் இருபத்தெட்டு வருடமாக எனக்குக் கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றும் அந்தப் போத்தல் என் கைப்பையில் இருந்தது.

அதையெல்லாம் நிரோஷாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்காகச் சும்மா சொல்றீங்க டீச்சர்.”

சத்தியம் செய்தேன். டீச்சர்மார் பிள்ளைகளைத் தேற்றுவதற்கு எதை வேண்டுமானாலும் சொல்வார்கள் என்றாள். அதுவும் உண்மைதான். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப இத நாளைக்கிப் பெரட்டுல வந்து சொல்லுவீங்களா?”

சொல்கிறேன் என்று உடனே சொன்னேன் என்றுதான் உங்களிடம் எழுத ஆசை. பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். ஓட்டோவில் மலை இறங்கும்போது முப்பது வருட மரியாதையை நினைத்தேன், அதிபரை நினைத்தேன், வலயத்தில் என்னைப் பற்றிப் பேசுவதை நினைத்தேன், தண்ணீர்ப் போத்தலை நினைத்தேன். வீட்டில் கணவரிடமாவது முதலில் சொல்லியிருக்கலாம், அதற்கும் வாய் வரவில்லை. விடிந்ததும் அதே ஓட்டோவைக் கூப்பிட்டேன்.

பெரட்டில் எழுபது எண்பது பேர் கொழுந்துக் கூடையோடு நின்றார்கள். கண்டாக்கு, அதாவது வேலை பிரித்துக்கொடுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர், அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்ட கண்டிப்பான மனிதர். ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். கூட்டத்துக்கு அப்பால், பஸ் நிற்கும் இடத்தில் பையோடு நிரோஷாவும் சித்தியும் நின்றார்கள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை உயர்த்தித்தான் பேசினேன். அதனால் கீழ் மலையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

நான் பெயில், நெருப்புக் காய்ச்சல் பொய் என்றேன். பெயிலானபோது எனக்குத் தேவைப்பட்டது ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்காருவது மட்டும்தான் என்றேன். உங்களைக் கமிட்டி போட வைத்தது என் பேச்சு, பிழை என்னுடையது, அந்தப் பேனரைக் கண்டு அந்தப் பிள்ளை பயந்து ஊரைவிட்டுப் போகிறாள் என்றேன். தலைவர் என்னையே பார்த்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

“அப்ப டீச்சருக்கு அந்த வருஷம் அரைப் பேரு” என்றார் கடைசியில்.

முதலில் சிரித்தது பெருமாள் கங்காணி. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஒரு அம்மா தான் ஐந்தாம் வகுப்பில் மூன்று தடவை பெயில் என்றார். அதைவிடத் தான் மேல் என்று இன்னொருவர் வந்தார், அவர் பாடசாலைக்குப் போன முதல் நாளே ஓடிவந்துவிட்டவராம். ஆளுக்கு ஆள் போட்டி. கண்டாக்கு இருமிவிட்டு, சாதாரண தரத்தில் கணிதம் நாலு தடவை எழுதினேன் என்றார். அதைக் கேட்டதும் பெரட்டே ஒரு நிமிடம் அடங்கிவிட்டது, அவரிடம்தானே இவ்வளவு நாளும் நிறுவை பார்த்தார்கள். அன்று வேலை தொடங்க இருபது நிமிடம் பிந்தியது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிரோஷாவின் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போனார். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. மகளுக்கு முன்னால் நின்று சொன்னது எனக்குக் கேட்டது.

“பெயிலானா வீட்டுக்கு வா. பாஸானாலும் வீட்டுக்குத்தானே வருவ.”

பஸ் வந்தது. சித்தி மட்டும் ஏறிப் போனார். நான் கைப்பையிலிருந்து அனுமதி அட்டையை எடுத்து நிரோஷாவிடம் கொடுத்தேன், அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

தலைவருக்குத்தான் மனம் ஆறவில்லை. அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்வது என்று என்னிடம் கேட்டார். அவளிடம் கேளுங்கள் என்றேன். கேட்டார். பாடசாலை விட்டு வந்ததும் தம்பிகளைப் பார்ப்பதும் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து ஆறு குடம் தூக்குவதுமாகவே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது, அதை யாராவது செய்தால் போதும் என்றாள். டிவியை மூடி, நாயைக் கட்டி, சாமியின் வாயையும் அடைத்த பதினோரு பேருக்கும் அந்த ஆறு குடம் கண்ணில் படவே இல்லை. எனக்கும்தான் படவில்லை. அன்று மாலையே தலைவர் தோளில் குடத்தோடு பீலிக்குப் போனார். ஆண்பிள்ளை தண்ணீர் தூக்குவதைப் பார்க்க நாலு லயமும் வாசலில் நின்றது. பெருமாள் கங்காணி இரண்டு தம்பிகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் டிவி போட்டுக் கொடுத்தார்.

நான் வீட்டுக்குப் போகும் முன்னரே செய்தி போய்விட்டது, ஓட்டோக்காரரின் வேலை. என் கணவர் வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்ப இத்தன வருஷம் நான் தண்ணி கொதிக்க வச்சது?” என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போத்தலைக் கையில் தந்து, பழகிவிட்டது, கொண்டுபோங்கள் என்றார்.

நிரோஷா சாதாரண பஸ்ஸில் போய்ப் பரீட்சை எழுதினாள். இரண்டு பாடம் பாஸ், அளவையியல் பெயில். உயர்தரம் முடித்ததாகக் கணக்கில் வர மூன்றும் வேண்டும். பெறுபேறு வந்த அன்று மேல்கணக்கில் ஒருவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லையாம். அந்தப் பேனரைத் தலைவரே எடுத்துப்போய், எழுத்து உள்பக்கமாக வரும்படி தன் வீட்டு விறகுக்குப் போர்த்திவிட்டார். அவள் இரண்டாம் முறை எழுதி மூன்றிலும் பாஸானாள். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவிட்டேன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னால் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

நான் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. இடைவேளை நேரம். நிரோஷா கையில் ஒரு கோப்போடு வாசலில் நின்றாள். இரண்டாம் முறைக்கான விண்ணப்பம் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்து, எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்திருந்தாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கிராம சேவகரின் ஒப்பமும் முத்திரையும் இருந்தன. அவருக்குத் தமிழ் தெரியாதே, யார் கூட வந்தார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை, தெரிந்த சிங்களத்தில் தானே பேசி வாங்கியதாகச் சொன்னாள். தலைவர் அனுப்பினாரா என்றேன். இல்லை. அம்மா? அம்மாவுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

“யாரும் அனுப்பல டீச்சர், நானேதான் போனேன். தபால்ல போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் தபால் கந்தோர் மத்தியானத்துக்குப் பூட்டுவதற்குள் போக வேண்டும் என்று அவசரமாக இறங்கிப் போனாள். நான் செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை. திறந்த பேனாவோடு மணி அடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், முப்பத்தொரு வருட வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா இருந்ததில்லை.